ஒழுங்கைக்கும் மணலுக்கும் ஒரு சின்ன ஜீப்: ஜிம்னியோடு முதல் சில மாதங்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது கியர் போட்டு ஓட்டுகிற காரை வாங்கினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாகன் ஆர், விற்ஸ், அக்குவா என்று இங்கே வந்திறங்கியவற்றில் அநேகமானவை ஓட்டோ கியர். கிளச் என்றால் மோட்டார் சைக்கிளில் கையால் பிடிப்பது என்று மட்டும் நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் வாங்கியது சுசூக்கி ஜிம்னி. பக்கத்துக்கு ஒரு கதவு, பின்னால் ஒன்று, ஐந்து கியர், மனுவல். அயலவர் ஒருவர் வண்டியை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. ஆனா உந்த வயசில ஏன் தம்பி திரும்பக் கிளச் மிதிக்க வெளிக்கிட்டனீர்?" என்று கேட்டார்.

பதில் என் தொழிலில் இருக்கிறது. நான் நில அளவையாளன். ஊரில் சொல்வது சேவையர். காணி எங்கே கிடக்கிறதோ அங்கே நான் போகவேண்டும். உறுதிப் பத்திரத்தில் வழி இருக்கும், நிலத்தில் இருக்காது. வடமராட்சி கிழக்கில் மணல், பூநகரியில் களி, வலிகாமத்தில் இரண்டு மதிலுக்கு இடையில் ஒரு ஒழுங்கை. இவ்வளவு காலமும் காரை எங்காவது தார் முடிகிற இடத்தில் விட்டுவிட்டு, கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். முழங்கால் இப்போது அதற்குச் சம்மதிப்பதில்லை.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஜிம்னி வரிசை ஜப்பானில் 1970இல் தொடங்கியது. என்னிடம் இருப்பது 2018இல் வெளிவந்த நான்காம் தலைமுறை. எஞ்சின் 1,462 சீசீ, ரேர்போ இல்லாத சாதாரண பெற்றோல் எஞ்சின், 102 குதிரைவலு. அடியில் ஏணிச் சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, சுருள் வில். அதாவது பழைய ஜீப் எப்படிக் கட்டப்பட்டதோ அப்படியே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்கு முன்னர் நாட்டுக்குள் வந்த வண்டி, பிறகு ஒருவர் கை மாறி எனக்கு வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்தபோது பழையவற்றின் விலை விழும் என்று சிலர் சொன்னார்கள். புதியதன் வரியைக் கணக்குப் பார்த்த பிறகு அவர்கள் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். நான் கொடுத்த விலையை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டிலும் எல்லோருக்கும் தெரியாது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். எனக்கு முதலில் காட்டியது கடும்பச்சை. படத்தில் பார்த்தால் ஜிம்னிக்கு அந்த நிறம்தான் எடுப்பு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடலோரக் கிராமம் ஒன்றுக்குள் பச்சை ஜீப் ஒன்று மெல்ல நுழைந்து, அதிலிருந்து ஒருவன் முக்காலியை எடுத்து நட்டு அளக்கத் தொடங்கினால் சனம் என்ன நினைக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படைக்குக் காணி அளக்க வருகிறார்கள் என்றாலே வீதியில் கூடி மறிக்கிற ஊர்கள் இருக்கின்றன. அவர்கள் மறிப்பதற்கு நியாயமும் இருக்கிறது. நான் தனியாருக்கு அளப்பவன் என்று ஒவ்வொரு படலையிலும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வெள்ளை எடுத்தேன். செம்புழுதி படிந்து அது இப்போது வெள்ளையும் இல்லை.

இனி ஒழுங்கை. இந்த வண்டி முதல் நாளிலேயே என்னைச் சம்மதிக்க வைத்தது மணலில் அல்ல, கோண்டாவில் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். எட்டு அடி அகலம், இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு முடக்கு. எட்டு அடி என்றால் 2.44 மீற்றர். ஜிம்னியின் அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல், 1.645 மீற்றர். கடதாசியில் போதுமான இடம்தான். ஆனால் அகலத்தைவிட முக்கியம், வண்டியின் ஓரம் எங்கே முடிகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிவது. இப்போதைய கார்களில் முன்பக்கம் சரிந்து கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். மிச்சத்தை பீப் சத்தத்தில் நம்பவேண்டும். இதில் பொனற் தட்டையாக இருக்கிறது, இரண்டு முன் மூலைகளும் சீற்றில் இருந்தபடியே தெரிகின்றன. கதவுக் கண்ணாடியின் கீழ்விளிம்பை முன்பக்கத்தில் கொஞ்சம் வெட்டி இறக்கியிருப்பதால் பக்கக் கண்ணாடிக்குக் கீழே நிலமும் தெரிகிறது. மதிலுக்கும் சில்லுக்கும் இடையில் எத்தனை விரல் இருக்கிறது என்று பார்த்தே போகலாம். திரும்பு ஆரம் 4.9 மீற்றர். மற்றக் காரில் மூன்றுதரம் முன்னும் பின்னும் எடுத்த முடக்கை இது ஒரே திருப்பில் எடுத்தது. முடக்கு வீட்டு அம்மா படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மதிலில் ஏற்கெனவே நாலைந்து நிறத்தில் கீறல்கள் இருந்தன. வெள்ளை இல்லை என்று பார்த்துத் திருப்தியோடு உள்ளே போனார்.

ஓட்டுவதைப் பற்றிச் சொன்னால், கியர்க் கம்பி நீளம், ஆட்டமும் நீளம். எஞ்சின் ஓடும்போது கம்பியின் தலை மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பழுது என்று நினைக்கவேண்டாம், கட்டமைப்பு அப்படி. கிளச் இலேசு. முதல் கியர் மிகவும் கட்டை, வண்டி அசைந்ததும் இரண்டுக்குப் போய்விடவேண்டும். நாற்பதில் நாலு, அறுபதில் ஐந்து. ஐந்தாவதுக்கு மேல் கை இன்னொரு கியரைத் தேடும், ஆனால் இல்லை. ஆஸ்பத்திரி வீதியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஓட்டினால் இடது கால் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். அந்த நேரத்தில் அந்த அயலவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டாம் கியர் என்று ஒன்று இருக்கிறது. ஊருக்குள் இந்த வண்டி இரண்டாம் கியரில் வாழ்கிறது. கல்லொழுங்கை, வாய்க்கால் மதவு, பனங்காணிக்குள் போகிற வண்டிற்பாதை எல்லாம் இரண்டில். எக்ஸலேற்றரைத் தொட்டால் போகிறது, விட்டால் எஞ்சினே பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, பிரேக்கில் கால் வைக்கத் தேவையே வருவது குறைவு. ஓட்டோ கியரில் எனக்குக் கிடைக்காதது இதுதான். அங்கே வண்டி தானாக ஊர்ந்து முன்னால் போகும், நான் பிரேக்கால் அதை மறித்துக்கொண்டிருப்பேன். இங்கே எவ்வளவு வேகம் என்பதை என் வலது கால் சொல்கிறது, வண்டி கேட்கிறது.

கியர்க் கம்பிக்குப் பின்னால் இன்னொரு சின்னக் கம்பி இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஜீப் என்கிறார்கள். முந்தைய தலைமுறையில் பிற்காலத்தில் இதற்குப் பொத்தான் வைத்திருந்தார்கள்; இதில் திரும்பக் கம்பி வந்திருக்கிறது. மூன்று நிலை: பின்சில்லு மட்டும், நாலு சில்லும், நாலு சில்லும் தாழ்ந்த கியரில். சாதாரணமாகப் பின்சில்லு மட்டும். நாலு சில்லுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டியரிங்கை நேரே வைத்துக்கொண்டு மாற்றலாம். தாழ்ந்த கியருக்கு வண்டி நிற்கவேண்டும்.

இதில் ஒரு விஷயம் பலருக்கு விளங்குவதில்லை. என்னிடம் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்த நண்பர் ஒருவரும், தார் வீதியில் நாலு சில்லும் போட்டு ஓடினால் இன்னும் பாதுகாப்புத்தானே என்று கேட்டார். இல்லை. வண்டி திரும்பும்போது முன்சில்லு போகிற வட்டம் பெரிது, பின்சில்லு போகிற வட்டம் சின்னது. இரண்டும் வேறு வேறு தூரம் உருளவேண்டும். இந்த வண்டியில் முன்னையும் பின்னையும் இணைக்கிற இடத்தில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி இறுக்கிப் பூட்டிவிடும். மணலில், சேற்றில் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது. ஸ்டியரிங் கனக்கும், வண்டி திக்கித் திக்கித் திரும்பும், உள்ளே பல்லும் தண்டும் முறுகும். ஆகவே தார் வந்தால் கம்பி பழைய இடத்துக்கு. ஜீப் வைத்திருக்கிறவர்களில் பாதிப்பேராவது இதை அறியாமல் ஓட்டுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

மணலுக்கு வருவோம். குடத்தனையிலிருந்து மணற்காட்டுக்குப் போகிற வழி ஊர்வரை வசதியானது. அதற்கு அப்பால் சவுக்கந்தோப்பை ஒட்டி உள்ளே போனால் மாவு போன்ற மணல் வந்துவிடும். அங்கே ஒரு காணிக்கு எல்லை பார்க்கப் போனோம். என்னோடு வேலைக்கு வருகிற பொடியன் ஒருவன் இருக்கிறான். தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ரயரில் காற்று இறக்கச் சொன்னேன். அவன் நம்பவில்லை. "அண்ணை, எல்லாரும் காத்து அடிச்சுப் போட்டெல்லோ போறவை?" என்றான். ஒட்டியிருக்கிற தகட்டின்படி காற்று 26 பீஎஸ்ஐ. அதை 15க்கு இறக்கினோம். மூடியைக் கழற்றி, சின்னத் திருப்புளி முனையால் வால்வின் நடு ஊசியை அழுத்தினால் சீறிக்கொண்டு வரும். கொஞ்சம் விட்டு, அளவுமானியை வைத்துப் பார்த்து, திரும்ப விடவேண்டும். ரயரின் அடி பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கும். ஆனால் பிதுங்குவது முக்கியம் இல்லை. நிலத்தைத் தொடுகிற தடம் முன்பின்னாக நீள்கிறது, அதுதான் காரியம். அதே பாரம் கூடுதல் பரப்பில் பரவுவதால் சில்லு மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும்.

அப்புறம் கம்பியை நாலு சில்லுக்குத் தள்ளி, இரண்டாம் கியரில் ஒரே சீராகப் போனோம். மணலில் நடுவில் நின்று யோசிக்கக் கூடாது. நிற்கவேண்டும் என்றாலும் பிரேக் பிடிக்கக் கூடாது; காலை எடுத்தால் மணலே நிறுத்திவிடும். பிரேக் பிடித்தால் சில்லுக்கு முன்னால் மணல் குவிந்து, திரும்பக் கிளப்பும்போது அந்தக் குவியலில் ஏறவேண்டிவரும். ஒரு இடத்தில் பின்பக்கம் மெல்ல இறங்கத் தொடங்கியது. எக்ஸலேற்றரை அழுத்தாமல், வந்த தடத்திலேயே பின்னால் எடுத்து, பொடியன் பொறுக்கிவந்த இரண்டு காவோலையைத் தடத்தில் போட்டுத் திரும்ப வந்தபோது ஏறிவிட்டது. கரைவலைத் தோணியடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த வயசாளி ஒருவர் கிட்ட வந்து வண்டியின் பின்பக்கத்தைத் தட்டினார். "சின்னன் எண்டபடியால் வருது. பெரிசெண்டால் இந்நேரம் புதைஞ்சிருக்கும்" என்றார். சரியான கணிப்பு. ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. பெரிய பிக்கப் ஒன்று இதைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். மணலில் வலுவைவிடப் பாரக்குறைவு பெரிய உதவி. அங்கே படகு இழுக்கிறவர்கள் உழவு இயந்திரத்தைத்தான் நம்புகிறார்கள், அதன் பெரிய சில்லுக்காக.

ஒன்று சொல்லவேண்டும். மணற்காட்டு மணற்குன்றுகளின் மேலே நான் ஏற்றவில்லை, ஏற்றப்போவதும் இல்லை. ஜிம்னி வாங்கியவுடன் அங்கே கொண்டுபோய் ஏற்றிப் படம் எடுத்துப் போடவேண்டும் என்று சிலருக்கு ஆசை வரும். அந்தக் குன்றுகளைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் புல்லும். ரயர் ஏறினால் அது அறும், அதன்பிறகு காற்று வேலையைத் தொடங்கும். மணலில் புதைந்து கிடக்கிற பழைய தேவாலயத்தின் இடிபாடு பக்கத்திலேயே நிற்கிறது, காற்று என்ன செய்யும் என்று அதைப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று, இது விளையாட்டுப் பேச்சு இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் ஜிம்னிக்காரர்கள் பாதையை விட்டு இறங்கி எங்கே வேண்டுமானாலும் போகிறார்கள். இங்கே முகமாலைப் பக்கத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மிதிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்த நிலம் இது. ஆள் நடமாட்டத் தடம் இல்லாத பற்றைக்குள் நான் காலும் வைப்பதில்லை, சில்லும் வைப்பதில்லை. அளவைக்குப் போனாலும் முதலில் ஊர் ஆள் ஒருவரைக் கேட்டுத்தான் இறங்குவேன். ஜீப் வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

பூநகரியில் மாரிக்குப் பிறகு களிமண்ணைப் பார்த்தேன். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் எங்களுக்கு அயலூர்தான், வேலையும் அங்கேதான் கூட. வயல்வரம்பை ஒட்டிய பாதையில் ஒரு பக்கம் வாய்க்காலுக்குள் இறங்கி, முன்சில்லு ஒன்று அந்தரத்தில் நின்று சும்மா சுற்றியது. சாதாரண வண்டியில் அதோடு கதை முடிந்தது: சுமை இல்லாத சில்லுக்கே வலு எல்லாம் போய்விடும். இதில் தாழ்ந்த கியர் போட்டு எக்ஸலேற்றரை விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தால், சும்மா சுற்றுகிற சில்லை மட்டும் வண்டி தானாகப் பிரேக் பிடிக்கும். கிர் கிர் என்று ஒரு சத்தம் வரும். வலு மற்றப் பக்கத்துச் சில்லுக்குப் போய், ஏறிவிடும். பயந்து காலை எடுத்தால் வேலை செய்யாது. தாழ்ந்த முதல் கியரில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் மணிக்கு மூன்று கிலோமீற்றர்கூட வராது. வழி பார்க்க முன்னால் நடந்த பொடியன் நின்று நின்று எனக்காகக் காத்திருந்தான். இந்த வேகத்துக்குத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன்.

சரி, ஏ-9 நெடுஞ்சாலைக்கு ஏறினால்?

கொழும்புக்கு அடிக்கடி போகிறவர் இந்தப் பந்தியைக் கவனமாகப் படிக்கவேண்டும். ஐந்தாம் கியரில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் 3,100 சுற்றைத் தாண்டி நிற்கும். சத்தம் வீட்டுக்குள் தண்ணீர்ப் பம்பு ஓடுகிற அளவுக்கு. ஆனால் ஊர்ப்புறத்துக்கு வெளியே காருக்குச் சட்டப்படி வேகம் எழுபது. எழுபதில் 2,200 சுற்று. பாட்டுக் கேட்கலாம், கதைக்கலாம். மாங்குளத்தடியில் வேகம் பிடிக்கிற கருவியோடு நிற்கிற பொலிஸ்காரருக்கும் எனக்கும் இப்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. முந்துவதற்குத்தான் கஷ்டம். இந்த எஞ்சினின் இழுவை மேல் சுற்றில், 4,000 பக்கத்தில்தான் முழுதாக வருகிறது. பஸ் ஒன்றை முந்தவேண்டும் என்றால் மூன்றாம் கியருக்கு இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டு, எதிர்ப்பக்கம் நீளமாக வெறுமையாக இருந்தால்தான் போகவேண்டும். நான் பெரும்பாலும் பின்னாலேயே போகிறேன்.

காற்று இன்னொரு தொல்லை. சோளகம் எழுந்த நாட்களில் ஆனையிறவிலும் பண்ணைப் பாலத்திலும் பக்கக் காற்று நேரே வந்து அறைகிறது. வண்டி உயரம் 1.72 மீற்றர், அகலத்தைவிடக் கூட. பக்கம் முழுவதும் சுவர். கிடுகு வேலி காற்றை மறிப்பதுபோல மறித்துக்கொண்டு நகர்கிறது. ஸ்டியரிங்கும் இப்போதைய கார்களின் வகை இல்லை, பழைய ஜீப்பின் உருள்குண்டு வகை. கல்லில் சில்லு அடிபட்டாலும் கையை உதறாது என்பது இதன் நன்மை. நேர் வீதியில் ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டு இருக்கவேண்டும் என்பது விலை. அடிச்சட்டம் குட்டை, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் 2.25 மீற்றர்தான் இடைவெளி. வேகத்தடை ஒவ்வொன்றிலும் முன்னால் குனிந்து பின்னால் நிமிரும். பொடியன் அளவைக் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவான். "மெல்ல அண்ணை, மெஷின் என்ர மடியில" என்பது எங்கள் பயணத்தில் நிரந்தர வசனம்.

ஜீப் என்றால் விபத்தில் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு: ஐரோப்பிய விபத்துச் சோதனையில் 2018இல் இது பெற்றது ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். உருவத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

உள்ளே இடம் இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஏதும் இல்லை. பின்சீற்றை நிமிர்த்தி வைத்தால் பின்னால் மிஞ்சுவது 85 லீற்றர். நல்லூரில் அர்ச்சனைக்கு வாங்கிய தேங்காய் பழத்தோடு ஒரு குடை வைக்கலாம். முக்காலியின் கால்களை மடக்கினாலும் ஒரு மீற்றருக்கு மேல் நீளம். ஆகவே பின்சீற்றின் ஒரு பாதியை எப்போதும் மடித்தே வைத்திருக்கிறேன். அதில் முக்காலி, கோல், மண்வெட்டி, எல்லைக்கல்லுக்கு மேலே எழுத ஒரு பெயின்ற் பேணி. மற்றப் பாதியில் பொடியன். பின்சீற்றுக்குப் போக முன்சீற்றைச் சாய்த்துக் குனிந்து ஏறவேண்டும். அம்மா ஒருதரம் சேலையோடு பின்னால் ஏறப்பார்த்தார், பிறகு "நான் ஓட்டோவில வாறன்" என்று சொல்லிவிட்டார். இப்போது அவருக்கு முன்சீற். என் மனைவி பின்னால். அதைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுத இயலாது. முன்சீற்றில் இருப்பவர் பிடிக்க டாஷ்போட்டில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அம்மா பலாலி வீதியில்கூட அதை விடுவதில்லை.

பின்கதவு நல்ல யோசனை. மேலே தூக்காது, பக்கவாட்டில் திறக்கும், பிணைச்சல் வலப்பக்கம். இடப்பக்கம் ஓரம்கட்டி நிறுத்துகிற எங்களுக்கு வீதிக்குள் இறங்காமல் மதில் பக்கத்திலிருந்தே சாமான் எடுக்கலாம். ஆனால் மேலதிகச் சில்லு கதவிலேயே தொங்குவதால் கதவு கனம், பின்னால் ஆள் நிற்கிற அளவுக்கு இடமும் வேண்டும். கண்ணாடி ஏற்றி இறக்கும் பொத்தான் கதவில் இல்லை, நடுவில். இன்னமும் கை கதவைத்தான் தடவுகிறது. குளிரூட்டி பரவாயில்லை, சின்ன அறைதானே, பங்குனி வெயிலிலும் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

பெற்றோல் ஊருக்குள் லீற்றருக்குப் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் தருகிறது. வாகன் ஆரிலிருந்து வருகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். தாங்கி 40 லீற்றர், ஆகவே கொழும்புவரை ஒரு நிரப்பலில் போகலாம், போய்ச் சேர்ந்ததும் பெற்றோல் செட் தேடவேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டினும் மொறிஸ் மைனரும் இன்னும் எங்கள் வீதிகளில் திரிகின்றன. அந்தக் காலத்தைக் கண்ட மெக்கானிக் அண்ணை ஒருவர் என் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "உது மண்ணெண்ணெய் குடியாது" என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொன்னார். மற்றபடி அவருக்கு வண்டி பிடித்திருந்தது. உள்ளே கை விட இடம் இருக்கிறது, வலு நேரே பின்னால் போகிறது, விளங்குகிறது. இதே எஞ்சின் இந்தியாவில் எர்ற்றிகாவிலும் சியாசிலும் பூட்டப்பட்டதால் எஞ்சின் சாமான் அவ்வளவு கரைச்சல் இல்லை. நாலு சில்லுச் சாமான்தான் சொல்லிவைத்து எடுக்கவேண்டும். ஒயில் ஐந்து இடத்தில் இருக்கிறது: எஞ்சின், கியர்ப் பெட்டி, இரண்டாம் கம்பிக்குக் கீழே இருக்கிற பெட்டி, முன் அச்சு, பின் அச்சு. பழைய வண்டி வாங்குகிறவர் கடைசி நாலையும் உடனே மாற்றிவிடுவது நல்லது. சேறும் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறதா என்று வடிகிற ஒயிலின் நிறமே சொல்லும். பால் கலந்த தேத்தண்ணி நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது.

முதல் சொந்தக்காரர் ஆசைக்கு அகலமான முரட்டு ரயர் போட்டிருந்தார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசியது, இழுவையும் போனது. நகரில் ஒரு ரயர் கடையில் காட்டினால், "ஜீப்புக்கு உதுதான் கம்பீரம்" என்று சொல்லி, அதைவிடப் பெரியது ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். நான் கேட்டது 195/80 15, வண்டிக்கு வந்த அளவு. அது அவர்களிடம் இல்லை. இல்லை என்று சொல்வதற்குப் பதிலாகக் கம்பீரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறிடத்தில் சொல்லிவைத்து எடுத்தேன். மெல்லிய ரயர் போட்ட பிறகுதான் இது எவ்வளவு இலேசான வண்டி என்று தெரிந்தது.

எனக்கு உள்ள ஒரே உண்மையான பயம் உப்பு. மணலும் களியும் இந்த வண்டிக்குப் பொருட்டில்லை. புங்குடுதீவுப் பாலத்தில் மாரிக் காற்றோடு போனால் இரண்டு பக்கத்துக் கடலும் தூவானமாக வந்து கண்ணாடியில் படியும். வீடு வந்து பார்த்தால் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். கண்ணாடியில் தெரிகிறது அடியிலும் இருக்கிறது, ஏணிச் சட்டத்தின் குழாய்க்குள்ளும் இருக்கிறது. மேலே பளபளப்பாகக் கழுவித் தருகிற இடங்கள் எத்தனையோ; அடியை நல்ல தண்ணீரில் நேரம் எடுத்துக் கழுவுங்கள் என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே நானே செய்கிறேன். முற்றத்தில் இரண்டு பலகைக்கு மேல் ஏற்றி நிறுத்தி, குழாயைச் சட்டத்தின் ஓட்டைகளுக்குள் விட்டு, வெளியே வருகிற தண்ணீர் தெளியும்வரை. தீவுப்பக்கம் வீடு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: உவர்க் கிணற்றுத் தண்ணீரில் அடியைக் கழுவினால் கழுவாமல் விட்டதற்குச் சமன்.

அடுத்த மாரி தொடங்குவதற்கு முன்னர் சட்டத்துக்கு உள்ளேயும் போகிற மாதிரி மெழுகுப் பூச்சு அடிக்க நினைத்திருக்கிறேன். வெளியில் கறுப்புத் தார் அடித்து மூடிவிடுகிற வேலை வேண்டாம். அதற்குக் கீழே துரு பிடித்தால் தெரியாது. விலை கேட்டிருக்கிறேன். மூன்று பேர் மூன்று விலை சொன்னார்கள், மூவருமே கறுப்புத் தாரைத்தான் சொல்கிறார்கள்.